உப்பிறைச்சியும் முட்டைக்கோசும்

அயர்லாந்து நாட்டின் காவற் புனிதராகிய பாட்ரிக்கின் திருநாள் மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் வருகிறது. அயர்லாந்தில் அதைக் கொண்டாடுவது இயல்பு. ஆனால் அமெரிக்க நாட்டில் அதைக் கொண்டாடும் ஆரவாரத்தைப் பார்த்தால், பாட்ரிக் அங்கேதான் பிறந்து வளர்ந்தாரோ என்று எண்ணத் தோன்றும். சிக்காகோ நகரத்தார் 1962-ஆம் ஆண்டு முதல் இத்திருநாளையொட்டித் தம் ஊர் ஆற்றிலேயே சாயத்தைக் கரைத்து, அதைப் பச்சை நிறமாக்கி மகிழ்கின்றனர். அன்று ஐரிஷ் மரபில் வந்தவர் வீடுகளிலும், அம்மரபில் வராத பலர் வீடுகளிலும், உணவு மேசையில் பெரும்பாலும் ஒரே பண்டந்தான் இருக்கும். உப்புநீரில் பல நாள் ஊறிய மாட்டின் நெஞ்சுக்கறி. அதனோடு வெந்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். கறிக்கு 'கார்ன்டு பீஃப்' என்று பெயர்.

பாஸ்டன் நகரில் நான் மாணவனாக இருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டியார் இதைச் சமைத்ததைக் கண்டேன். சமைத்ததைக் கண்டேன் என்று சொல்வதும் அவ்வளவு பொருந்தாது. காலை ஆறு மணிக்கு அவர் ஒரு மின்சாரச் சட்டியில் கறியையும் கிழங்கையும் இட்டார்; நீர் ஊற்றினார்; மூடினார்; விசையைத் திருப்பினார்; பிறகு வேலைக்குப் போய்விட்டார். நான் அருகில் சென்று பார்த்தேன். தீயும் இல்லை, ஆவியின் ஓசையும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது சட்டியின் வெளிப்புறம் இளஞ்சூடாக மட்டுமே இருந்தது. நம் வீட்டு அடுப்பங்கரையில் வளர்ந்த எனக்கு, இது சமையலாகவே படவில்லை. மாலையில் அவர் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோதோ, காலையில் செருப்புத்தோல் போல் விறைத்திருந்த கறி, முள்கரண்டி பட்ட இடத்தில் நெகிழ்ந்து கொடுத்தது. நிறமோ ரோஜாப்பூ நிறம். பத்து மணி நேரம் வெந்த இறைச்சி சாம்பல் நிறமன்றோ கொள்ள வேண்டும்?

இது எப்படி நிகழ்ந்தது என்று கேட்டேன். தமக்குத் தெரியாது என்றும், இது தம் முன்னோர் அயர்லாந்தில் காலங்காலமாக உண்டு வந்த உணவு என்பது மட்டும் தெரியும் என்றும் அவர் சொன்னார். பின்னர் நான் படித்தறிந்தபோது, அவருக்குத் தெரிந்ததாகச் சொன்ன அந்த ஒரு செய்தியே பிழையானது என்று கண்டேன்.

நம்மிடையே மாட்டிறைச்சி உண்பாரும் உளர், உண்ணாதாரும் உளர். எவரையும் உண்ணுமாறு வற்புறுத்த இப்பேச்சு எழவில்லை. ஒரு சட்டிக்குள் எத்தனை அறிவியலும் எத்தனை வரலாறும் அடங்கியிருக்கக் கூடும் என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கார்ன்' என்றதும் நமக்கு மக்காச்சோளம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் எந்தத் தானிய மணிக்கும், மணி போன்ற எந்தச் சிறு பருக்கைக்கும் அச்சொல் வழங்கியது. தானிய மணி அளவுள்ள கல்லுப்பைத் தேய்த்துப் பதப்படுத்திய இறைச்சி ஆதலின் இப்பெயர் பெற்றது. சோளத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தகரக் குப்பிகளில் அடைத்து விற்கப்படுவதும், படைவீரர்களின் உணவாகப் பெயர் பெற்றதுமான சிவந்த இறைச்சிக்கும் இதே பெயர்தான். எனினும் அது நறுக்கி அழுத்தி அடைத்த வேறு பண்டம். நான் சொல்வது முழுத் துண்டாக உப்புநீரில் ஊறியது. நம் ஊர் உப்புக்கண்டத்திற்கு உறவினன் என்று வேண்டுமானால் சொல்லலாம். நாம் உப்பிட்டு வெயிலில் உலர்த்துகிறோம். வெயிலை நம்ப முடியாத அயர்லாந்தில் உப்பிட்டுப் பீப்பாயில் ஊற வைத்தார்கள்.

அந்தப் பீப்பாய்களின் கதை துயரமானது. பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் உயிருள்ள மாடுகள் இங்கிலாந்துச் சந்தைக்கு ஏராளமாகச் சென்றன. இங்கிலாந்தின் கால்நடை வளர்ப்போர் தம் விலை சரிகிறது என்று முறையிடவே, 1663-ஆம் ஆண்டிலும் 1667-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டு, அவ்வரவு தடுக்கப்பட்டது. உயிருடன் அனுப்ப இயலாத மாட்டை ஐரிஷ் வணிகர் உப்பிட்டு அனுப்பத் தொடங்கினர். தெற்கே கார்க் என்னும் துறைமுக நகரம் இத்தொழிலின் தலைநகராயிற்று. அங்கே வெட்டி, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்த இறைச்சி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்குச் சென்றது; அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றது.

அந்த மாடுகளை மேய்த்த ஏழை உழவனுக்கு அந்த இறைச்சி கிட்டவில்லை. நல்ல நிலமெல்லாம் மேய்ச்சலுக்குப் போக, அவனுக்கு எஞ்சிய சிறு துண்டு நிலத்தில் குடும்பத்தைக் காக்கக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். கிழங்கும் மோரும் அவன் உணவு. வசதியுள்ள நாளில் சிறிது உப்பிட்ட பன்றியிறைச்சி. மாடு என்பது பாலுக்கும், ஏருக்கும், குத்தகைப் பணத்திற்குமே உரியது. 1845-ஆம் ஆண்டில் ஒரு பூஞ்சண நோய் போன்ற கொள்ளை நோய் அக்கிழங்குப் பயிரைத் தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. 1852 வரை நீண்ட அப்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர். 1841-இன் மக்கட் கணக்கில் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த தொகை, 1851-இல் அறுபத்தைந்து இலட்சம் அளவிற்கு இறங்கிவிட்டது. உப்பிறைச்சி வாணிகம் அதற்குள் தளர்ந்து போயிருந்தது. எனினும் உயிருள்ள கால்நடையும் வெண்ணெயும் அந்தப் பஞ்ச ஆண்டுகளிலும் கப்பலேறிய வண்ணமே இருந்தன. பட்டினி கிடந்தவன் கண்முன்னே உணவு துறைமுகத்திற்குப் போயிற்று.

அக்கப்பல்களைப் போலவே மக்களும் கப்பலேறினர். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இறங்கியவர்கள் கூலி வேலை செய்தனர், கால்வாய் வெட்டினர், இருப்புப் பாதை அமைத்தனர், பெண்கள் வீட்டு வேலைக்குப் போயினர். கூலி சிறிது, ஆனால் பழைய ஊரில் அவர்கள் காணாத ஒன்று அங்கே இருந்தது. மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது. அதிலும், உழைக்கும் தசையாதலால் விறைப்பு மிகுந்து, செல்வர் விரும்பாத நெஞ்சுக்கறி இன்னும் மலிவு. நூற்றாண்டின் இறுதியில் அதே நெரிசலான தெருக்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூத மக்களும் குடியேறினர். யூதர் தம் மத விதிப்படி பன்றியிறைச்சியை உண்ணமாட்டார். மாட்டின் பின்பகுதியையும் பெரும்பாலும் விலக்குவர். ஆகவே முன்பகுதியைச் சேர்ந்த நெஞ்சுக்கறியை உப்புநீரில் ஊற வைப்பதில் அவர்களுடைய இறைச்சிக் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். ஐரிஷ் இல்லத்தரசிகள் அக்கடைகளில் இதை வாங்கி, தம் ஊரில் உப்பிட்ட பன்றியிறைச்சியைக் கோசோடு வேக வைத்த முறையிலேயே வேக வைத்தனர் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். காய்களில் மலிவானது முட்டைக்கோசு. இவ்வாறுதான் இவ்வுணவு அமைந்தது.

ஆகவே பாஸ்டன் மூதாட்டியாரின் முன்னோர் அயர்லாந்தில் இதை உண்டிருக்கமாட்டார்கள். தம் நாட்டில் விளைந்து, தம் நாட்டில் உப்பிடப்பட்டு, தமக்குக் கிட்டாத ஒன்றை, அவர்கள் மூவாயிரம் மைல் கடந்து வந்த பிறகே வயிறார உண்டார்கள். அயர்லாந்தில் இன்றும் வழக்கமான வீட்டுணவு பன்றியிறைச்சியும் கோசுமே ஆகும். நான் இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

இனி, நிறத்தின் புதிருக்கு வருவோம். உப்பு இறைச்சியைக் கெடாமல் காப்பது எவ்வாறு என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். உப்பின் செறிவு வெளியே மிகுந்திருக்கும்போது, நுண்ணுயிரின் உடலிலுள்ள நீர் வெளியே ஈர்க்கப்படுகிறது, அது வாடுகிறது, பெருக முடியவில்லை. ஆனால் எல்லா நுண்ணுயிரும் உப்புக்கு எளிதில் அடங்குவதில்லை. காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒரு வகை உண்டு. அதற்கு கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். பழங்காலத்தார் அதன் பெயரை அறியார். எனினும் உப்புடன் சிறிது வெடியுப்பைச் சேர்த்தால் இறைச்சி நன்கு நிற்கிறது என்பதையும், அழகிய சிவப்பு நிறம் பெறுகிறது என்பதையும் அனுபவத்தால் கண்டிருந்தனர். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அக்காலத்து இங்கிலாந்து, தன் துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பைப் பெரும்பாலும் நம் நாட்டுப் பீகாரிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வரவழைத்தது என்பது இடையே நினைவு கொள்ளத்தக்கது.

இறைச்சியில் வாழும் தீங்கற்ற சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு பிறக்கிறது. தசைக்குச் செந்நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். அதன் நடுவே ஓர் இரும்பணு இருக்கிறது. சாதாரணமாக இறைச்சி வேகும்போது அவ்விரும்பு துரு ஏறுவது போன்ற மாற்றம் அடைந்து பழுப்பாகிறது. நைட்ரிக் ஆக்ஸைடு முன்னதாகவே அவ்விரும்பைப் பற்றிக்கொண்டால், வேகும்போது நிலையான இளஞ்சிவப்பு நிறம் தோன்றுகிறது. எத்தனை மணி நேரம் வெந்தாலும் அது போவதில்லை. இதை 1901-ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் விளக்கினார். சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர் அவர். நான் வேகவில்லையோ என்று ஐயுற்ற அந்த ரோஜா நிறத்தின் காரணம் இதுவே. இக்காலத்தில் வெடியுப்புக்குப் பதிலாக, அளவறிந்து சோடியம் நைட்ரைட்டையே சேர்க்கிறார்கள். சமையல் உப்போடு நூற்றுக்கு ஆறே கால் பங்கு நைட்ரைட்டைக் கலந்து விற்கும் கலவைக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பர். அது அழகுக்காக அன்று. நைட்ரைட்டு அளவு மீறினால் நஞ்சு. வெள்ளை உப்பென்று எண்ணி எவரும் சோற்றில் இட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அச்சாயம்.

ஊறிய கறியைக் கடையில் வாங்குவோரே இன்று மிகுதி. கடுகு, மிளகு, கொத்தமல்லி விதை, கிராம்பு, பிரிஞ்சி இலையைப் போன்ற ஓர் இலை ஆகியவை சிறு பொட்டலமாக உடன் கிடைக்கும். அந்தப் பொட்டலத்தை நான் முதன்முதல் பிரித்தபோது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாற்போல் மணந்தது.

அடுத்தது, நேரம். நெஞ்சுக்கறி ஏன் இவ்வளவு விறைப்பு? மாட்டிற்குக் காறையெலும்பு கிடையாது. நம் தோள்களைத் தாங்குவதற்கு இருக்கும் அவ்வெலும்பு இன்மையால், நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன் உடல் எடையில் பாதிக்கு மேல் நெஞ்சுத் தசைகளே தாங்க வேண்டியிருக்கிறது. ஓயாமல் உழைக்கும் தசையில் கட்டுநார் மிகுதியாக வளரும். அந்நார் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அதன் அமைப்பு. அறுபது டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்தில் இக்கயிறு சுருங்கி, தசையைப் பிழிகிறது. கறி நீரை இழந்து மேலும் விறைக்கிறது. இந்த நிலையில் அடுப்பை அணைத்துவிடுவோர், கறி கெட்டுவிட்டது என்று எண்ணுவர். எழுபது, எண்பது டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தாலோ, முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்கிறது. கொலாஜன் நீரில் கரையும் ஜெலட்டின் ஆகிறது. இதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் நீரும் வேண்டும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் தளதளவென்று கொதித்தாலும், சிறுகச் சிறுகக் குமிழ்விட்டாலும், அதன் வெப்பம் நூறு டிகிரியை ஒட்டியே இருக்கும். தீயை இரட்டிப்பாக்கினால் நீர் விரைவில் ஆவியாகுமே அன்றிக் கறி விரைவில் வேகாது. கறி கலங்கி உதிர்வதுதான் மிச்சம். நம் வீடுகளில் பழகிய பிரஷர் குக்கர் இந்த வரம்பை மீறுகிறது. ஆவியை அடைத்து அழுத்தத்தை உயர்த்துவதால் நீர் நூற்றிருபது டிகிரி வரை ஏறுகிறது. கொலாஜன் ஒன்றரை மணி நேரத்திலேயே இளகிவிடுகிறது. அவசரமானவர்க்கு அது நல்ல வழி. ஆனால் அங்கே பத்து நிமிடம் கூடினால் கறி நார் நாராகிவிடும். இங்கே அரை மணி கூடினாலும் குறைவில்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்க்கு எது ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும்.

மெல்லச் சமைப்பதன் பயனைத் தற்செயலாகக் கண்டவர் ரம்ஃபோர்டு பிரபு. வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று பீரங்கிக் குழாயைக் குடைந்து காட்டிய அதே அறிவியலார்தான். மியூனிக் நகரத்து ஏழையர் தொழிலகத்தில், உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த பொறியொன்றில் ஆட்டின் தோள்கறியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம் கழித்தும் அது வேகவில்லை. சோதனை தோற்றதென்று கருதிக் கறியைச் சமையற் பெண்களிடம் விட்டுப் போனார். அவர்கள் இரவாகிவிட்டதால், எங்கிருந்தாலும் அதுவும் ஓரிடந்தானே என்று பொறிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தபோது கறி நன்றாக வெந்து, மிகுந்த சுவையுடன் இருந்தது.

மூதாட்டியாரின் மின்சாரச் சட்டிக்கு வருவோம். இதை 'ஸ்லோ குக்கர்' என்பர். கனத்த பீங்கான் பாத்திரம் ஒன்று. அதைச் சூழ்ந்த உலோக உறை. இரண்டிற்கும் இடையே பாத்திரத்தின் பக்கங்களை அணைத்துச் செல்லும் மின்கம்பி. அடியில் தீ இல்லாததால் அடிப்பிடிப்பது அரிது. இதன் ஆற்றல் 250 வாட் என்று கொண்டால், பத்து மணி நேரத்தில் இரண்டரை யூனிட் மின்சாரமே செலவாகும். விசையில் 'குறைவு', 'மிகுதி' என்று இரு நிலைகள் இருக்கும். பலர் எண்ணுவது போல் அவை இரு வேறு வெப்பநிலைகள் அல்ல. இரண்டும் ஏறக்குறைய கொதிநிலையை ஒட்டிய ஒரே இடத்திற்கே போய்ச் சேரும். ஒன்று மூன்று நான்கு மணி நேரத்தில் சேர்கிறது. மற்றொன்று ஏழு எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதன் தோற்றமும் சுவையானது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை ஞாயிறு மறைவில் தொடங்கிச் சனிக்கிழமை இருட்டும் வரை நீளும். அந்நேரத்தில் தீ மூட்டலாகாது. ஆயினும் சனிக்கிழமை நண்பகலில் சூடான உணவு வேண்டும். ஆகவே வெள்ளி மாலையிலேயே அவரையும் இறைச்சியும் பார்லியும் இட்ட சட்டியை ஊர் ரொட்டிக்கடையின் அடுப்பில் வைத்துவிடுவர். தணிந்துகொண்டே போகும் அடுப்பின் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். சோலன்ட் என்பது அவ்வுணவின் பெயர். லித்துவேனியாவில் தம் இளமையில் கண்ட இவ்வழக்கத்தை, அமெரிக்காவில் குடியேறிய தாய் ஒருவர் தம் மகனுக்குச் சொன்னார். அம்மகன் இர்விங் நாக்ஸன் என்னும் பொறியியலார். ரொட்டிக்கடை அடுப்பைச் சமையலறை மேசைமேல் கொண்டுவர முயன்று, 1940-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவனம் அதை அவரை வேக வைக்கும் கலமாகவே விற்றது. 1970-இல் கான்சாஸ் நகரத்து ரைவல் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டில் 'கிராக்-பாட்' என்ற பெயரில் வெளியிட்டது. பெண்கள் பெருந்தொகையினராய் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. சட்டி வீடுதோறும் புகுந்தது. கறியை ஊற வைத்துக் கொடுத்தவர்களும் யூதர். கலத்தை ஆக்கிக் கொடுத்தவரும் யூதர். பெயர் மட்டும் ஐரிஷ் உணவு!

மறு ஆண்டு நானும் ஒரு பழைய சட்டியை வாங்கி இதைச் சமைக்க முற்பட்டேன். இரண்டு பிழைகள் செய்தேன். அவற்றைச் சொல்வதற்கு முன், செய்யவேண்டிய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரைக் கிலோ கறியை எடுத்து, மேலே படிந்த உப்பைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். உருளைக்கிழங்கையும் காரட்டையும் பெரிய துண்டுகளாக்கி, வெங்காயத்தோடு சட்டியின் அடியில் பரப்ப வேண்டும். மேலே இருக்க வேண்டியது கறியன்றோ, கிழங்கு எதற்கு அடியில் என்று கேட்கலாம். இந்தச் சட்டியில் கிழங்கு இறைச்சியைவிட மெதுவாக வேகும். சூடு முதலில் எட்டுவது அடியும் பக்கமுமே. கொழுப்புள்ள பக்கம் மேலாகக் கறியை வைத்து, மசாலையைத் தூவி, கறி மூழ்கும் அளவு நீர் ஊற்றலாம். உப்பு இடவே கூடாது. முதல் ஒரு மணி நேரம் 'மிகுதி'யில் வைத்து, பின்னர் 'குறைவு'க்கு மாற்றிப் பத்து மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

முதல் மணி நேரத்தில் சூட்டைக் கூட்டுவதற்குக் காரணம் உண்டு. நான்கு டிகிரியிலிருந்து அறுபது டிகிரி வரையுள்ள வெப்பம் நுண்ணுயிர் பெருகுவதற்கு ஏற்றது. அந்த இடைவெளியைக் கறி விரைவாகக் கடந்துவிட வேண்டும். இதனாலேயே பனிக்கட்டியாய் உறைந்த கறியை நேரே சட்டியில் இடலாகாது. முந்திய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட வேண்டும். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆவலையும் அடக்க வேண்டும். ஒருமுறை திறந்தால் போகும் சூடு திரும்பச் சேர இருபது முப்பது நிமிடம் ஆகும். அவரைக்காக எழுந்த இக்கலத்தில், ராஜ்மா என்னும் சிவப்பு அவரையை மட்டும் நேரே இடலாகாது என்பது விந்தை. அதிலுள்ள ஒரு நச்சுப் பொருள் குறைந்த சூட்டில் அழிவதில்லை. ஊற வைத்து, அந்நீரைக் கொட்டி, தனியே நன்கு கொதிக்க வைத்த பிறகே இட வேண்டும்.

என் முதற்பிழை, முட்டைக்கோசையும் காலையிலேயே இட்டது. கோசில் கந்தகம் சேர்ந்த பொருள்கள் உள்ளன. சிறிது நேரம் வெந்தால் இனிய மணம் தரும் அவையே, நெடுநேரம் வெந்தால் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலியவற்றை வெளிவிடுகின்றன. உங்கள் வேதியியற் கூடத்தில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு இதுவே. அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, படிக்கட்டிலேயே பக்கத்து அறை மாணவர் இருவர் மூக்கைப் பிடித்தபடி என்னை எதிர்கொண்டனர். கோசைத் தண்டுடன் எட்டுத் துண்டாக அரிந்து, கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் கறியின்மேல் அடுக்க வேண்டும். தண்டு இருந்தால்தான் இலைகள் பிரியாமல் நிற்கும். இதற்காக ஒருமுறை மூடியைத் திறப்பது தவிர்க்க இயலாதது. வீட்டில் ஆள் இல்லையெனில், மாலையில் வந்து, சட்டியிலுள்ள சாற்றில் சிறிது எடுத்து அடுப்பில் பதினைந்து நிமிடம் கோசைத் தனியே வேக வைக்கலாம். எனக்கு இம்முறையே மேலானதாகப் படுகிறது. கோசின் பசுமையும் சிறு கடிப்பும் அதில் நிற்கின்றன.

இரண்டாம் பிழை, கத்தி வைத்த திசை. பத்து மணி நேரம் வெந்தபின் கட்டுநார் கரைந்துவிடுகிறதே ஒழிய, நீண்ட தசையிழைகள் அப்படியே இருக்கின்றன. நான் கறியைச் சட்டியிலிருந்து எடுத்தவுடனே, இழை ஓடும் திசையிலேயே அரிந்தேன். ஒவ்வொரு வாயும் கயிற்றை மெல்வது போலிருந்தது. குற்றம் சட்டியுடையது என்று எண்ணி, அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூதாட்டியார் வந்து பார்த்தார். எஞ்சிய துண்டைத் திருப்பி வைத்து, இழைக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரிந்து காட்டினார். அதே கறி, அதே சட்டி. இப்போது பூப்போல் இருந்தது. இழை நீளமாக இருந்தால் அதை அறுக்கும் வேலை பல்லுக்கு வந்து சேர்கிறது. குறுக்கே அரிந்தால் அந்த வேலையைக் கத்தி முன்னதாகவே முடித்துவிடுகிறது. அரிவதற்கு முன் பதினைந்து நிமிடம் கறியை ஆறவிடுவதும் நன்று. நெஞ்சுக்கறியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் உண்டு. அவற்றின் இழைகள் வேறு வேறு திசையில் ஓடும். ஆகவே நடுவில் ஒருமுறை நின்று, கத்தியின் திசையை மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைத்தல் தகாது. உப்பு மிகுந்த உணவு இது. மேலும், 2015-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வாறு பதப்படுத்திய இறைச்சி வகைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.  ஆண்டிற்கு ஒருமுறை திருநாளில் உண்பதற்கும் அன்றாடம் உண்பதற்கும் வேறுபாடு உண்டு. பழைய ஐரிஷ் கூலித் தொழிலாளியும் இதை நாள்தோறும் உண்ண வசதி பெற்றிருக்கவில்லை.

எஞ்சிய கறியைச் சாற்றுடன் ஆழமில்லாத பாத்திரத்திற்கு மாற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். மீண்டும் சூடாக்க அந்தச் சட்டியையே பயன்படுத்தலாகாது. அது சூடேற நெடுநேரம் எடுக்கும். அடுப்பே ஏற்றது. மறுநாட் காலையில் அந்தப் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். இரவு நீராக இருந்த சாறு, சாயாமல், தளதளவென்று கட்டியாக நிற்கும். முந்திய நாள் கறியை விறைக்கச் செய்த அந்த முறுக்கிய கயிறுதான், அவிழ்ந்து நீரில் கரைந்து, இப்போது இப்படி உறைந்து கிடக்கிறது.